கீழ்முதுகு இறுக்கம்: ரோலரில் உருள்வதா, எடையைக் குறைப்பதா?

தரையில் கிடக்கும் எடைக் கம்பியை (பார்) குனிந்து தூக்கும் டெட்லிஃப்ட் பயிற்சி செய்த மறுநாள் கீழ்முதுகு இறுகுவது சகஜம். அது வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் ஜிம்மில் இரண்டு யோசனைகள் கிடைக்கும்: ஃபோம் ரோலர் எனும் கெட்டியான நுரை உருளையில் உருண்டு தளர்த்து, இல்லையென்றால் எடையைக் குறைத்து, தூக்கும் முறையைத் திருத்து.

ரோலர் சுலபம். வீட்டிலேயே செய்யலாம், உருண்டவுடன் உடம்பு லேசாகும். ஆனால் அந்தத் தளர்ச்சி வெகுநேரம் நிற்பதில்லை. கீழ்முதுகுப் பள்ளத்தில் உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்தவும் வேண்டாம். புட்டத்தையும் மேல்முதுகையும் உருட்டினால் போதும்.

எடைக் குறைப்புதான் மனதுக்குக் கஷ்டம். 100 கிலோ தூக்கியவர் 60க்கு இறங்க வேண்டியிருக்கும். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. புட்டமும் பின்தொடையும் செய்ய வேண்டிய வேலையை முதுகுத் தசைகளே இழுத்துப்போட்டுச் செய்வதால்தான் பல பேருக்கு இந்த இறுக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. பாரைக் காலோடு ஒட்டி வைத்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து, மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கித் தூக்கிப் பாருங்கள். சுமை இறங்கும் இடமே மாறும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஓய்வுபெற்ற பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் பேர்ட் டாக் (கைகால் ஊன்றி நின்று எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுவது), சைடு பிளாங்க் (பக்கவாட்டில் முழங்கையூன்றி உடலைத் தாங்குவது), கர்ல் அப் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் லேசாக உயர்த்துவது) மூன்றும் இதற்கு நல்ல துணை. பயிற்சிக்கு முன் சில நிமிடம் ரோலர் போட்டுக்கொள்வதில் தப்பில்லை.

கால் மரத்துப்போனாலோ, பலமிழந்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ இரண்டையும் விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.