பிளிக்கர்ஸ் அட்டை: டேப்லெட் இல்லாத வகுப்புக்கு ஒரே ஒரு போன் போதும்

நான் விழுப்புரம் பக்கம் ஒரு ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில வேலை பாக்குறேன், 3, 4, 5 மூணு வகுப்பும் என்கிட்ட தான், மொத்தம் 23 பசங்க. ஒரு வருஷமா பிளிக்கர்ஸ்ங்கிற ஆப்பை யூஸ் பண்றேன், பக்கத்து ஸ்கூல் டீச்சர்ஸ் சிஆர்சி (குறுவள மையம், பக்கத்து ஸ்கூல் டீச்சர்ஸ் எல்லாம் கூடுற இடம்) மீட்டிங்ல பாக்கறப்பல்லாம் அது என்னன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா இங்கயே எழுதிடலாம்னு தோணுச்சு.

முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பேப்பர் அட்டை, அதுல கருப்பு வெள்ளையில கட்டம் கட்டமா ஒரு உருவம், பாக்க க்யூஆர் கோடு மாதிரி இருக்கும் ஆனா அது இல்ல. அட்டைக்கு அட்டை உருவம் மாறும், ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பர் இருக்கும். நாலு பக்கத்துலயும் ஏ, பி, சி, டின்னு குட்டியா எழுத்து. நாம கேள்வி கேட்டதும் பிள்ளை தனக்கு சரின்னு படுற எழுத்து மேல வர்ற மாதிரி அட்டையை திருப்பி தூக்கி புடிக்கணும். நாம முன்னாடி நின்னு போன்ல அந்த ஆப்பை திறந்து கேமராவை இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் மெதுவா கொண்டு போனா போதும், யார் யார் என்ன பதில் சொன்னாங்கன்னு போன்ல வந்துடும், சரின்னா பச்சை, தப்புன்னா சிவப்பு. பிள்ளைங்க கையில போனோ டேப்போ எதுவும் வேணாம்.

இதை ஏன் இவ்ளோ ஆசையா சொல்றேன்னா, நமக்கு இதுவரைக்கும் கிடைச்ச கம்ப்யூட்டர் பயிற்சி பெரும்பாலும் ‘காட்டுறது’ பத்தி தான். புக்ல இருக்க க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி அரசோட பாட வெப்சைட்டான திக்‌ஷாவுல வீடியோ போடுறது, ஸ்மார்ட் போர்டுல படம் போடுறது, பிபிடி (பவர்பாயிண்ட் ஸ்லைடு) செய்றது. எல்லாம் நல்லது தான், நானும் கத்துக்கிட்டு செய்றேன், பசங்க கண்ணு விரிய பாக்குறாங்க. ஆனா வீடியோ முடிஞ்சதும் “புரிஞ்சுதா”ன்னு கேட்டா 23 பேரும் ஒரே குரல்ல “புரிஞ்சுது டீச்சர்”னு சொல்லுவாங்க, அதுல யாருக்கு நெசமாவே புரிஞ்சுதுன்னு எனக்கு தெரியவே தெரியாது. மூணு வகுப்பை ஒண்ணா வச்சுக்கிட்டு 23 சிலேட்டையும் எட்டிப் பாத்து முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சிடும்.

ஒரு நாள் இனமாற்றிக் கழித்தல் (கடன் வாங்கிக் கழிக்கிறது) நடத்தி முடிச்சுட்டு 42 – 18 எவ்ளோன்னு போர்டுல எழுதுனேன். ஏ 34, பி 24, சி 36, டி 60. இந்த நாலு விடையையும் வாய்க்கு வந்தபடி போடல. 8ல இருந்து 2ஐயும் 4ல இருந்து 1ஐயும், அதாவது பெருசுலேர்ந்து சிறுசை கழிக்கிற பிள்ளைக்கு 36 வரும். பத்து கடன் வாங்கிட்டு, கொடுத்த இடத்துல ஒண்ணு குறைக்க மறந்த பிள்ளைக்கு 34 வரும். குறியை பாக்காம கூட்டுன பிள்ளைக்கு 60. ஸ்கேன் பண்ணி பாத்தா 9 பேர் தான் 24, 10 பேர் 36, 3 பேர் 34, ஒருத்தன் 60. அஞ்சு நிமிஷம் முன்னாடி இதே பத்து பேரும் சேந்து தான் புரிஞ்சுதுன்னு கத்துனாங்க. கடன் வாங்கணும்ங்கிற யோசனையே அவங்களுக்கு வரலன்னு அந்த நிமிஷம் தான் எனக்கு தெரிஞ்சுது. மறுநாள் ஈர்க்குச்சியை பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டு கட்டி, கட்டைப் பிரிச்சா தான் எட்டு குச்சி எடுக்க முடியும்னு அந்த பத்து பேரையும் உக்கார வச்சு செய்ய வச்சேன். அடுத்த திங்கக்கிழமை 53 – 27 கேட்டப்ப பெருசுலேர்ந்து சிறுசை கழிச்சு 34 காட்டுனவங்க 3 பேர் தான்.

அதனால என் அனுபவத்துல இதுல கத்துக்க வேண்டியது ஆப் இல்ல, ஆப்பை ஒரு சாயங்காலத்துல கத்துக்கலாம். தப்பான விடையை யோசிச்சு எழுதுறது தான் வேலையே. எந்த தப்பை எதுக்காக செய்வான்னு தெரிஞ்சு விடை வச்சா தான் அந்த சிவப்பு கலருக்கு அர்த்தம், இல்லன்னா வெறும் மார்க் தான்.

சத்தமே போடாத பிள்ளைங்களுக்கு இது ரொம்ப ரொம்ப நல்லது. நாலாவதுல ஒரு பொண்ணு, கேட்டா தலையை குனிஞ்சுக்கும், கையே தூக்காது. மூணு வாரம் தொடர்ந்து அது பேருக்கு நேரா பச்சை தான். அதை அரும்புங்கிற ஆரம்ப நிலை குரூப்ல உக்கார வச்சிருந்தேன்னு நெனைச்சப்ப மனசு கஷ்டமா போச்சு. அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துல பிள்ளைங்களை நிலைவாரியா அரும்பு, மொட்டு, மலர்னு பிரிக்கிறோம்ல, யாரை எப்ப அடுத்ததுக்கு மாத்தலாம்னு முடிவு பண்ண இப்ப எனக்கு வாராவாரம் ஒரு ஆதாரம் இருக்கு.

இனி அட்டை செய்ற கதை. பிளிக்கர்ஸ் வெப்சைட்லயே பிடிஎஃப் இருக்கு, இறக்கிக்கலாம். சாதா செட்ல 40 அட்டை, ஒரு ஏ4 பேப்பர்ல ரெண்டு, அப்போ 20 பக்கம். பெரிய வகுப்புன்னா 63 அட்டை இருக்க செட்டும் இருக்கு. நான் எடுத்ததும் உழைக்கட்டும்னு எல்லாத்தையும் பளபளன்னு லேமினேட் பண்ணிட்டேன். அதை மட்டும் தயவு செஞ்சு பண்ணாதீங்க, ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னுது, ஜன்னலோரம் உக்காந்த பசங்க அட்டையை கேமரா புடிக்கவே இல்ல. ரெண்டாவது தடவை சாதா பேப்பர்ல பிரிண்ட் எடுத்து பழைய கல்யாண பத்திரிகை மேல பசை தடவி ஒட்டுனேன். அந்த அட்டை கெட்டியாவும் இருக்கு மின்னவும் இல்ல, ஒரு வருஷமா அப்படியே இருக்கு. ஓரத்து வெள்ளையை ஒட்ட வெட்டிடாதீங்க, பிள்ளைங்க விரல் வைக்க அந்த இடம் வேணும், விரல் கருப்பு மேல பட்டா ஸ்கேன் ஆகாது. முதல் ரெண்டு நாள் கேள்வியே கேக்காம அட்டையை புடிக்க மட்டும் பழக்கினேன், “ஏ காட்டு, சி காட்டு”ன்னு விளையாட்டு மாதிரி.

இன்னொரு சிக்கல், எழுத்து ரொம்ப குட்டி. பக்கத்துல இருக்கவன் பாத்துடக் கூடாதுன்னு தான் அப்படி வச்சிருக்காங்க, ஆனா மூணாவது பசங்களுக்கு தேட கஷ்டமா இருந்துச்சு. சரின்னு அட்டைக்கு பின்னாடி பெருசா எழுதி குடுத்தேன், பின் வரிசை பசங்க முன்னாடி இருக்கவங்க அட்டையை பாத்து அப்படியே திருப்ப ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப பின்னாடி எழுத்து பென்சில்ல சின்னதா தான் இருக்கு, அட்டை தூக்குறப்ப எல்லாரையும் அரைவட்டமா உக்கார வச்சிடறேன், யார் முதுகுக்கு பின்னாடியும் யாரும் இல்ல. மூணு பக்கமும் ஒரே ஸ்கேன்ல வந்துடுது, அதுவும் ஒரு வசதி.

பிள்ளைங்க பேரை முழுசா ஏத்தாதீங்க. வெளிய இருக்க ஒரு கம்பெனி சர்வர்ல நம்ம பிள்ளைங்க பேர், ஊர், ஸ்கூல் எல்லாம் எதுக்கு? நான் வெறும் வருகைப்பதிவு நம்பர் தான் போட்டிருக்கேன், எது யாருன்னு என் நோட்ல இருக்கு. அந்த பச்சை சிவப்பையும் என் போன்லயே வச்சுக்கறேன், ஸ்மார்ட் போர்டுல காட்டுறதில்ல, ஒரு பிள்ளை தப்பு பண்ணது இன்னொரு பிள்ளைக்கு தெரியணும்னு அவசியம் இல்ல. அந்த நம்பிக்கை இருக்கறதால தான் அதுங்க பயப்படாம தனக்கு தோணுனதை காட்டுதுங்க.

நெட் வேணும், அது ஒரு குறை தான். எங்க ஊர்ல சிக்னல் சுமார், என் சொந்த டேட்டாவை தான் போடறேன். சிக்னல் இல்லாத நாள்ல அட்டையை தூக்க வச்சு கண்ணாலயே பாத்துக்கறேன், பதில் எதுவும் பதிவாகாது ஆனா பழக்கம் விட்டுப் போகாது. கேள்வியை தமிழ்ல டைப் பண்ண நேரம் ஆகும்ங்கறவங்க போர்டுலயே எழுதிட்டு ஆப்ல சரியான எழுத்தை மட்டும் குறிச்சு வச்சா போதும், நான் முதல் மூணு மாசம் அப்படி தான் ஓட்டுனேன். இப்ப போன்ல இருக்க ஜிபோர்டு கீபோர்டுல மைக்கை அமுக்கி தமிழ்ல பேசிடறேன், அதுவே எழுதிக்குது, அங்கங்க ஒண்ணு ரெண்டு எழுத்து திருத்துனா சரி. காசு கட்டுற பிளானும் இருக்கு, எனக்கு தேவைப்படல, ஒரு நாளைக்கு மூணு கேள்வி, வாரத்துல மூணு நாள், அவ்ளோ தான் நான் கேக்கறது. அதுக்கு மேல கேட்டா பசங்க சலிச்சுக்கறாங்க.

என்னைக் கேட்டா 5க்கு 4. நெட் இல்லாம ஓடுச்சுன்னா அந்த ஒண்ணையும் குடுத்திருப்பேன். எழுதிக் காட்ட வேண்டிய விஷயத்துக்கு, கட்டுரை, வாசிப்பு, கையெழுத்து இதுக்கெல்லாம் இது உதவாது, அதுக்கு பிள்ளை பக்கத்துல நாம உக்காந்து தான் ஆகணும். 1, 2 வகுப்பு டீச்சர் அவங்க பசங்களுக்கும் வேணும்னு கேட்டிருக்காங்க, அவங்களுக்கு பெரிய அட்டை, ஒரு பேப்பர்ல ஒண்ணு வர்ற மாதிரி இருக்க பிடிஎஃபை எடுத்து வச்சிருக்கேன், ஏ பி சி டி பக்கத்துல நாலு கலர் புள்ளி வெள்ளை ஓரத்துல வச்சு பாக்கலாம்னு இருக்கோம். யாராவது அப்படி ஏற்கனவே செஞ்சு பாத்திருந்தா எந்த கலர் பசங்களுக்கு குழப்பமில்லாம இருந்துச்சுன்னு சொல்லுங்க, சனிக்கிழமை தான் ஒட்டப் போறோம்.