அப்பு, ரமேஷ், மறுபடி அப்பு: எங்கள் வீட்டில் கோட்யதிபதி

2012 மார்ச்சில் சுவர்ணா சேனலில் ‘கன்னடத கோட்யதிபதி’ என்ற வினாடி வினா நிகழ்ச்சி தொடங்கியபோது, பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் கன்னடம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மா திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்குக் கன்னடம் வரும், ஆனால் ஓர் எழுத்துகூடத் தெரியாது. திரையில் கேள்வியும் நான்கு விடைகளும் கன்னட எழுத்தில்தான் வரும். தொகுப்பாளர் வாசித்துக் காட்டுவதைக் காதால் கேட்டுத்தான் அம்மா வீட்டிலிருந்தபடியே விளையாடினார். இத்தனை வருடம் இந்த நிகழ்ச்சியை நாங்கள் பார்த்ததும் எடைபோட்டதும் அந்தக் காதை வைத்துத்தான்.

முதல் இரண்டு சீசனையும், அதாவது 2012, 2013 இரண்டிலும், நடத்தியவர் புனித் ராஜ்குமார். டிவியில் அவருக்கு அதுதான் முதல் நிகழ்ச்சி. கன்னட நடிகர் ராஜ்குமாரின் கடைசி மகன், அவரும் நடிகர், ஊருக்கே அப்பு. அவர் பேசியது பெங்களூர்த் தெருவில் காதில் விழுகிற கன்னடம், நடுநடுவே ஆங்கிலமும் கலந்து வரும். விடைகளை வேகமாக வாசித்துவிடுவார், அம்மாவுக்கு மூன்றாவது விடை வருவதற்குள் முதல் விடை மறந்துபோகும். நான் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி தமிழில் சொல்ல வேண்டும். அதற்காக அவர்மேல் அம்மாவுக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. எதிர்நாற்காலியில் இருப்பவர் பதறும்போது அப்பு அவரோடு சேர்ந்து பதறுவது அப்பட்டமாகத் தெரியும். “பாவம் கண்ணு, அந்தப் புள்ளைக்கே வேர்க்குது பாரு” என்பார் அம்மா.

அப்புறம் நீண்ட இடைவெளி. 2018-ல் மூன்றாவது சீசன் ஸ்டார் சுவர்ணாவில் வந்தபோது நாற்காலியில் நடிகர் ரமேஷ் அரவிந்த் இருந்தார். அம்மா முதல் வாரமே ரிமோட்டை எடுத்துத் தமிழ்ச் சீரியலுக்குப் போய்விட்டார். “அப்பு இல்லாம என்ன கோட்யதிபதி?” என்றார். நான் ரமேஷை நம்பினேன். ‘வீக்கெண்ட் வித் ரமேஷ்’ நிகழ்ச்சியில் எதிரில் இருப்பவரை அவர் பேசவிடும் விதம் எனக்குப் பிடிக்கும். போனில் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம், சமையலறையிலிருந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா விடையைச் சொன்னார். சரியான விடை. நான் தமிழில் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

காரணம் ரமேஷின் உச்சரிப்பு. ஒவ்வொரு சொல்லும் தனியாக, முழுசாக வந்து விழும். கேள்வியைச் சின்னக் கதை மாதிரி கொண்டுபோவார், விடைகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் கொடுப்பார். கும்பகோணத்தில் பிறந்தவர், 1987-லேயே கே. பாலசந்தர் படத்தில் தமிழில் நடித்தவர். தமிழ்க் காதுக்கு எந்த இடத்தில் கன்னடம் தட்டும் என்று அவருக்குத் தெரியும்போல அம்மாவுக்குத் தோன்றியது. தமிழில் இதே நிகழ்ச்சியின் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யை 2012-ல் சூர்யா தொடங்கிவைத்தார், அடுத்த சீசனை நடத்திய பிரகாஷ் ராஜ் பெங்களூர்க்காரர். கும்பகோணத்தில் பிறந்தவர் கன்னடத்திலும் பெங்களூரில் பிறந்தவர் தமிழிலும் ஒரே கேள்விமேசையில் உட்கார்ந்தார்கள் என்பது எங்களைப் போன்ற குடும்பத்துக்குத் தனிச் சந்தோஷம்.

1998-ல் இங்கிலாந்தில் ஐடிவி சேனலில் தொடங்கிய ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’தான் இதற்கெல்லாம் மூலம். இசை, மேலிருந்து இறங்கும் விளக்கு, பாதி விடைகளை நீக்குகிற உதவி, அரங்கத்தில் இருப்பவர்களின் வாக்கு என்று எந்த மொழிக்குப் போனாலும் அதே அமைப்புதான். புதிதாக வரும் தொகுப்பாளரால் அதில் எதையும் பெரிதாக மாற்ற முடியாது. போட்டியாளர் விடையைச் சொன்ன பிறகு அது சரியா தவறா என்று தெரியும்வரை இருக்கிற அந்தச் சில நொடிகள் மட்டும்தான் முழுக்க அவருடையவை. ரமேஷ் அந்த நேரத்தில் ஏன் அந்த விடையைச் சொன்னீர்கள் என்று கேட்டு யோசிக்க வைப்பார். அப்பு கூட இருந்து பயப்படுவார். கேள்வியின் ருசி ரமேஷிடம் அதிகம், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரின் வீட்டுக் கஷ்டம் நம் வீட்டுக்குள் வருவது அப்புவிடம் அதிகம். ஹிந்தியில் 2007-ல் அமிதாப் பச்சன் இடத்துக்கு ஷாருக் கான் வந்தபோது நான் பள்ளி மாணவி. இவர் அவர் இல்லையே என்று குறைசொல்லியே அந்த சீசனைப் பார்த்து முடித்தேன், ஷாருக் எப்படி நடத்தினார் என்று கவனிக்கவே இல்லை. 2010-ல் அமிதாப் திரும்பி வந்துவிட்டார். அதனால்தான் யார் கேட்டாலும் சொல்வேன்: புதியவருக்கு மூன்று வாரமாவது கொடுங்கள்.

2019-ல் அப்பு திரும்பினார், இந்த முறை கலர்ஸ் கன்னடாவில். அந்த வருடம்தான் டிவி சேனல் கட்டணங்களை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பின் விதி மாறி, வேண்டிய சேனலை நாமே தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் முறை வந்திருந்தது. எங்கள் பட்டியலில் அந்தச் சேனல் இல்லை. கேபிள்காரரிடம் நான்கு முறை சொல்லியும் வரவில்லை, முதல் சில நாள்கள் போயே போய்விட்டன. ஒருவழியாக வந்த அன்று அம்மா ஆசையோடு உட்கார்ந்தார். பாதியில் என் பக்கம் திரும்பி, “ரமேஷா இருந்தா இந்தக் கேள்வி எனக்குப் புரிஞ்சிருக்கும்” என்றார். அப்புவை விட்டுக்கொடுத்துவிட்டதுபோல உடனே முகம் வாடிவிட்டது. அன்றிலிருந்துதான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கன்னட எழுத்துகளை எழுதித்தரச் சொன்னார். மெட்ரோவில் எங்கள் அல்சூரின் கன்னடப் பெயரான ‘ஹலசூரு’ என்ற பெயர்ப்பலகையை ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் படித்தார். பிஎம்டிசி பஸ் பலகைகள் அடுத்து வந்தன.

2021 அக்டோபர் 29 அன்று அப்பு போய்விட்டார். 46 வயது. கண்டீரவா ஸ்டேடியத்துக்குப் போன கூட்டத்தை டிவியில் பார்த்தபடி அம்மா அன்று சாப்பிடவே இல்லை. அப்பாவைப் போலவே மகனும் கண்களைத் தானம் செய்திருந்தார் என்ற செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது யூடியூபில் 2012-ன் பழைய துண்டுகளை நாங்கள் சேர்ந்து பார்ப்பதுண்டு. போன வாரம் ஒரு கேள்வி வந்ததும் அப்பு வாயைத் திறப்பதற்குள் அம்மா நான்கு விடைகளையும் தானே படித்துவிட்டார். நான் கைதட்டினேன். அவர் போனை வாங்கி, விரலால் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, “இரு, அவர் படிக்கட்டும்” என்றார்.