லாபுவா சென்டர்-எக்ஸ் .22 தோட்டா: 29 பெட்டி சுட்ட பிறகு

லாபுவா கம்பெனியின் சென்டர்-எக்ஸ் பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்தால் விரலில் பிசுக்கு ஒட்டும். துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்கள் உடனே அதைத் துணியில் துடைத்துவிடுவார்கள். துடைக்காதீர்கள். அந்த மெழுகுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம்.

நான் 50 மீட்டரில் படுத்துச் சுடுகிறவன். பதினோரு வருஷமாயிற்று. சொல்லிக்கொள்ளும்படி மெடல் எதுவும் இல்லை. ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம் 10.9, ஆக 60 ஷாட்டுக்கு 654 முழு மதிப்பெண்; நான் 610-ஐத் தாண்டினால் அன்றைக்கு வீட்டில் எல்லோரிடமும் அன்பாகப் பேசுவேன். இந்த அளவில் இருக்கிற ஒருவனுக்கு விலை உயர்ந்த மேட்ச் (போட்டி) தோட்டா தேவையா என்று கேட்டால், நான்கு வருஷம் முன்புவரை இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

சிறப்புத் தோட்டா என்றதும் பலருக்கு மனதில் வருவது ராணுவ சமாச்சாரம். இரவில் தடம் காட்டிக்கொண்டு பறப்பது, தண்ணீருக்கடியில் சுடுவதற்கென்று சோவியத் காலத்தில் செய்த நீண்ட அம்பு மாதிரியான குண்டு, பித்தளைக் கூடே இல்லாமல் ஜெர்மனியில் செய்து பார்த்த 4.73 மில்லிமீட்டர் தோட்டா, இப்படி. 1960களில் அமெரிக்காவில் ஜைரோஜெட் என்று ஒன்று வந்தது. குண்டே குட்டி ராக்கெட். பேரலை (துப்பாக்கிக் குழாயை) விட்டு மெதுவாகக் கிளம்பி, போகப்போக வேகம் பிடிக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளம்பும்போதே தள்ளாடினால் குறி எங்கே நிற்கும்? வந்த வேகத்தில் போய்விட்டது. அதோடு ஒப்பிட்டால் நம் .22 தோட்டாவைப் பார்த்து யாரும் வியக்க மாட்டார்கள். சுண்டுவிரல் நுனி அளவு, ஈயத்தில் ஒரு மொட்டை மூக்கு, அவ்வளவுதான். ஆனால் ஒரே வேலைக்கென்று இவ்வளவு இழைத்து இழைத்துச் செய்த தோட்டா வேறு எதுவும் இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம்.

இதன் அடிப்படை வடிவம் 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. .22 லாங் ரைஃபிள் என்று பெயர். 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் ஈயக்குண்டு. மற்ற நவீனத் தோட்டாக்களில் குண்டு பித்தளைக் கூட்டுக்குள் செருகியிருக்கும். இதில் குண்டும் கூடும் ஒரே பருமன். குண்டின் வால் மட்டும் சிறுத்துக் கூட்டுக்குள் போகும். அதனால் பேரலில் உராயும் பகுதி முழுவதும் வெளியே தெரிகிறது, மெழுகையும் வெளியில்தான் பூசியாக வேண்டும். விரலில் ஒட்டும் பிசுக்கு அதுதான். தோட்டாவைத் தரையிலோ மணல் படிந்த மேஜையிலோ உருட்டிவிடாதீர்கள். ஒட்டிக்கொண்ட மணல் நேராகப் பேரலுக்குள் போகும்.

இன்னொரு பழைய விஷயமும் இதில் அப்படியே இருக்கிறது. தீப்பிடிக்கும் ரசாயனம் தோட்டாவின் அடியில் நடுவில் இல்லை, விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் (துப்பாக்கிக்குள் அடிக்கும் ஊசி) விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். சுட்ட கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்த வழியில்லை. பெரிய ரைஃபிள் சுடுகிறவர்கள் வெடிமருந்தை எடைபோட்டுத் தாங்களே தோட்டா கட்டிக்கொள்வார்கள், தங்கள் துப்பாக்கிக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தொழிற்சாலை என்ன கொடுக்கிறதோ அதுதான். உள்ளே இருக்கும் வெடிமருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதில் இம்மி கூடினாலும் குறைந்தாலும் காகிதத்தில் தெரிந்துவிடும்.

எவ்வளவு தெரியும்? நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. விநாடிக்கு 10 மீட்டர் வேகம் குறைந்தால் 50 மீட்டரில் குண்டு சுமார் 7 மில்லிமீட்டர் கீழே இறங்கும். பத்து மார்க் வட்டத்தின் மொத்த விட்டமே 10.4 மில்லிமீட்டர். மூச்சைப் பிடித்து, கண்ணைப் பழக்கி, நாம் எவ்வளவு சரியாகச் சுட்டாலும் தோட்டா ஒரு மார்க்கைத் தின்றுவிடும். அப்புறம் நாம் நம் விரலைத்தான் திட்டிக்கொண்டிருப்போம்.

சென்டர்-எக்ஸுக்குக் குறிப்பிட்டிருக்கும் வேகம் விநாடிக்கு 327 மீட்டர். வேகமானி வைத்து பத்து ஷாட் அளந்தேன். அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் வித்தியாசம் 7 மீட்டர். அதற்கு முன்பு நான் பயிற்சிக்கு வைத்திருந்த மலிவுத் தோட்டாவில் அதே பத்து ஷாட்டுக்கு 21 மீட்டர். அந்தத் தோட்டாவில் என் துளைகள் ஏன் எப்போதும் மேலும் கீழுமாக ஒரு கோடு மாதிரி நீண்டிருந்தன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மூன்று வருஷம் மூச்சுப் பயிற்சி செய்திருக்கிறேன் அதைச் சரிசெய்ய!

327 என்ற எண்ணில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் காற்றில் ஒலியின் வேகம் 340 மீட்டருக்குச் சற்று மேல். இந்தத் தோட்டா வேண்டுமென்றே அதற்குக் கீழே நிற்கிறது. கடையில் 'ஹை வெலாசிட்டி' என்று விற்கும் .22 தோட்டாக்கள் 380 மீட்டர் அளவில் கிளம்பும். 50 மீட்டரை நெருங்கும்போது அவை ஒலியின் வேகத்தைக் கடந்து கீழே இறங்கும். அந்த இடத்தில் காற்று குண்டை உலுக்கும், குறி கலையும். மெதுவாகவே கிளம்பும் குண்டுக்கு அந்த உலுக்கல் இல்லை.

இதில் நான் நம்ப மறுத்த ஒன்று உண்டு. பக்கக் காற்றில் வேகமான குண்டுதான் அதிகம் ஒதுங்குமாம். சீக்கிரம் போய்ச் சேருவதால் குறைவாகத்தானே ஒதுங்க வேண்டும்? ரேஞ்சில் இருக்கும் அண்ணன் ஒருவர் சொன்னபோது சிரித்தேன். காற்றடிக்கும் ஒரு நாளில் அவர் இரண்டு வகையையும் மாற்றி மாற்றிச் சுட்டுக் காட்டினார். வேகமானது இன்னும் தள்ளித்தான் விழுந்தது. காற்று எவ்வளவு ஒதுக்கும் என்பதைத் தீர்மானிப்பது குண்டு பறக்கும் மொத்த நேரமல்ல, காற்றுத் தடையால் அது இழக்கும் நேரம். ஒலியின் வேகத்துக்கு மேலே தடை சட்டென்று எகிறிவிடுவதால் இழப்பும் அங்கேதான் அதிகம். அதற்குப் பிறகு அந்த அண்ணன் சொல்வதற்கு நான் சிரிப்பதில்லை.

சத்தமும் வேறு. வேகமான தோட்டாவுக்கு 'பளீர்' என்று ஒரு சாட்டையடி உண்டு. இதில் அது இல்லை. ஒரு 'டப்', பிறகு தூரத்தில் காகிதம் கிழியும் மெல்லிய ஒலி, காது மூடி போட்டிருந்தால் அதுவும் கிடையாது.

இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். இந்த விமர்சனம் சென்டர்-எக்ஸ் பற்றியது என்று தலைப்பில் போட்டிருக்கிறேன், ஆனால் அது முழு உண்மை இல்லை. நான் சுட்டது ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான ஒரு தொகுதி. பெட்டியில் அச்சடித்திருக்கும் அந்த லாட் நம்பர்தான் நாம் வாங்கும் பொருள், பிராண்ட் பெயர் அடுத்த கதைதான். ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே விலை; லாட் மாறினால் என் பேரலுக்கு அது வேறு தோட்டா. என் ரைஃபிளுக்குப் பொருந்தியது பக்கத்து லேனில் படுத்திருப்பவருடைய ரைஃபிளுக்குப் பொருந்தாது. அதனால்தான் கம்பெனிகளே டெஸ்ட் ரேஞ்ச் வைத்திருக்கின்றன. துப்பாக்கியை அசையாமல் இரும்புப் பிடியில் மாட்டி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, ஒத்துவருவதை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்.

எனக்கு ஏழு லாட் சுட்டார்கள். முதல் லாட்டிலேயே மனம் நிறைந்துவிட்டது, பத்துத் துளையும் 18 மில்லிமீட்டருக்குள். நானாக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பேன். மூன்றாவது லாட் 22 மில்லிமீட்டர். ஐந்தாவது லாட்டின்போது திரையில் ஒரு துளை விழுந்தது, அடுத்தது அதே துளையில், அதற்கடுத்தது ஓரத்தை மட்டும் கொஞ்சம் கடித்தது. பத்து முடிந்தபோது வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு 15 மில்லிமீட்டர். மறுபடி பத்து, மறுபடி 15. ஒரு துளையே ஐந்தரை மில்லிமீட்டருக்கு மேல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுட்டுக்காட்டியவர் ஒன்றும் சொல்லவில்லை, லாட் நம்பரைத் தாளில் எழுதி வட்டம் போட்டார். அங்கேயே 40 பெட்டி, 2000 தோட்டா எடுத்தேன். அன்றைக்கு வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது இந்த விமர்சனத்துக்கு அவசியம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. வேறு பிராண்டிலிருந்து மாறும்போது முதல் பத்து இருபது ஷாட்டை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். பேரலுக்குள் பழைய மெழுகு போய்ப் புது மெழுகு படியும்வரை குறி அலையும். நான் முதல் நாள் ஐந்து ஷாட் சுட்டுவிட்டு ஏமாந்துபோனதாக ஒரு நண்பருக்கு மெசேஜ் அனுப்பினேன். அதை இன்றைக்கும் அவர் எடுத்துக் காட்டுகிறார்.

1450 தோட்டா சுட்டிருக்கிறேன். ஒன்றுகூட வெடிக்காமல் போகவில்லை. இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், விளிம்பு மடிப்புக்குள் ரசாயனம் சுற்றிலும் சமமாகப் பரவாவிட்டால் பின் விழுந்த இடம் காலியாக இருக்கும். பெயர் வேண்டாம், வேறு ஒரு கம்பெனித் தோட்டா ஒரு போட்டியின் நடுவில் எனக்கு அப்படிச் செய்தது. 'டிக்' என்றது, வேறு ஒன்றும் இல்லை. துப்பாக்கியை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு 30 விநாடி காத்திருக்க வேண்டும், தாமதமாக வெடிக்கும் அபாயம் உண்டு. அந்த 30 விநாடியில் என் நெஞ்சு அடித்த அடி! வெளியே எடுத்துப் பார்த்தால் விளிம்பில் பின் பதிந்த தடம் ஆழமாக, அழகாக இருந்தது. குறை துப்பாக்கியில் இல்லை. பயிற்சியில் என்றால் தோட்டாவைக் கொஞ்சம் சுழற்றிப் போட்டு இன்னொரு முறை அடித்துப் பார்க்கலாம், பெரும்பாலும் வெடித்துவிடும். போட்டியில் மனம் கலைந்தால் கலைந்ததுதான். அடுத்த மூன்று ஷாட்டும் ஒன்பது.

இதைவிட மோசமான வாங்கல் ஒன்றும் உண்டு. 40 கிரெய்னுக்குப் பதிலாக 60 கிரெய்ன் கனமான குண்டு வைத்த, மெதுவான ஒரு வகைத் தோட்டா. கனமான குண்டு நிதானமாகப் போகும் என்று நானே ஒரு தத்துவம் கற்பித்துக்கொண்டு வாங்கினேன். இலக்குக் காகிதத்தில் விழுந்தது வட்டத் துளை அல்ல, சாவித் துவாரம். குண்டு குட்டிக்கரணம் போட்டுப் பக்கவாட்டில் போய் மோதியிருக்கிறது. சாதாரண .22 பேரலின் உள்ளே சுருளாக வெட்டியிருக்கும் உள்வரி 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும். 40 கிரெய்னுக்கு அந்தச் சுழற்சி போதும், நீளமான 60 கிரெய்ன் குண்டு நேராக நிற்க இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். தோட்டாவின் மேல் தப்பில்லை, அது வேறு பேரலுக்குப் பிறந்தது. அதைப் பெட்டியில் இன்னும் பெரிதாக எழுதியிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் எனக்கு உண்டு.

இதே போல, சென்டர்-எக்ஸும் எல்லாவற்றுக்கும் ஆகாது. கடுங்குளிரில் சுடுகிறவர்களுக்கு மெழுகு இறுகிவிடும் பிரச்சினை இருக்கிறது. பயத்லான் விளையாட்டு 1978-இல் பெரிய ரைஃபிளை விட்டு .22-க்கு மாறியது. பனியில் சறுக்கி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, படுத்த நிலையில் 45 மில்லிமீட்டர் வட்டத்தைச் சுட வேண்டும். அவர்களுக்கென்று இதே கம்பெனி போலார் பயத்லான் என்று தனியாகச் செய்கிறது. தானியங்கித் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இது சரிவராமல் போகலாம். மிதமான வேகத்தில் போல்ட் (தோட்டாவை உள்ளே வைத்துப் பூட்டும் பகுதி) முழுதாகப் பின்னால் போகாமல் சிக்கிக்கொள்ளும் துப்பாக்கிகள் உண்டு. கையால் போல்ட் இழுக்கும் மேட்ச் ரைஃபிள்தான் இதற்கு வீடு.

ஈயம் பற்றியும் ஒரு வார்த்தை. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். தாமிரத்திலும் துத்தநாகத்திலும் ஈயமில்லாக் குண்டுகள் வந்திருக்கின்றன. இரண்டு வகை சுட்டுப் பார்த்தேன். என் பேரலில் 50 மீட்டரில் ஈயத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஈயம் மிருதுவானது, பேரலின் வரிகளுக்கு வளைந்து கொடுக்கிறது. அந்த இடத்தை நிரப்ப இன்னும் எதுவும் வரவில்லை என்பதுதான் என் அனுபவம்.

ஒரு காலத்தில் தீப்பிடிக்கும் ரசாயனத்தில் குளோரேட் உப்பு இருந்தது. சுட்டபின் பேரலில் தங்கும் உப்பு ஈரத்தை இழுத்துத் துருவேற்றிவிடும், அன்றன்றைக்குக் கழுவியே ஆக வேண்டும். 1920களில்தான் துருவேற்றாத வகை பரவியது. நான் இப்போது சுட்ட அன்று பேரலை மெல்லிய துணியால் ஒருமுறை இழுப்பதோடு சரி.

தோட்டாக்களை விளிம்புத் தடிமன் பார்த்தும் எடை பார்த்தும் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் நகைத் தராசு வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான்கு பெட்டியைப் பிரித்தேன். மலிவுத் தோட்டாவில் கொஞ்சம் பலன் தெரிந்தது. இதில் பிரிப்பதற்கு ஒன்றுமே இல்லை, கண் வலிதான் மிச்சம்.

லாபுவா என்பது பின்லாந்தில் ஓர் ஊரின் பெயர். 1976 ஏப்ரல் 13 அன்று அங்கே இருந்த தோட்டாத் தொழிற்சாலை வெடித்ததில் 40 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். இன்றைக்கு .22 தோட்டாக்கள் தயாராவது அங்கே இல்லை, ஜெர்மனியில் ஷோனெபெக் ஊரில். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த விபத்தை நினைப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எப்போதாவது நினைப்பேன்.

போன மாதம் 614 வந்தது, என் வாழ்க்கையின் சிறந்த மதிப்பெண். இந்த லாட்டில் மிச்சம் 11 பெட்டி. அதே நம்பர் கேட்டு விற்பனையாளருக்கு எழுதினேன், தீர்ந்துவிட்டது என்றார். மறுபடி டெஸ்ட் ரேஞ்சில் நாள் கேட்டிருக்கிறேன். அதுவரை பயிற்சிக்கு மலிவுத் தோட்டா, போட்டிக்கு மட்டும் இது.