கேஸ் அடுப்புக்கு ஸ்பேர்: கம்பெனியா, ரிப்பேர் கடையா, ஆன்லைனா, ஏஜென்சியா?

மூன்று பர்னர் அடுப்பில் ஒன்று மட்டும் மஞ்சளாக எரிகிறது. இன்னொன்றின் நாப் உடைந்து, குறடு வைத்துத் திருகிக்கொண்டிருக்கிறீர்கள். இதற்காகப் புது அடுப்பு வாங்குவது தண்டச் செலவு. நம் ஊரில் ஸ்பேர் கிடைக்க நான்கு இடங்கள் இருக்கின்றன: அடுப்புக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர், தெருமுனை ஸ்டவ் ரிப்பேர் கடை, ஆன்லைன், கேஸ் ஏஜென்சி. இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தச் சாமானுக்கு எது நல்லது என்று கேட்டால் பதில் உண்டு, அதுவும் தெளிவாகவே உண்டு. பர்னருக்கு ரிப்பேர் கடைக்காரரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் ஜெட், அதாவது பர்னருக்குக் கேஸை விடும் குட்டித் துளைத் திருகாணி, என்று வந்துவிட்டால் அதே கடைக்குள் நான் நுழையமாட்டேன்.

முதலில் ஸ்டிக்கர்

"என்ன மாடல்?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் கம்பெனி பெயரைச் சொல்லி, "ஸ்டீல் பாடி, மூணு பர்னர்" என்று சேர்த்துக்கொள்வார்கள். ஒரே கம்பெனி அப்படி எத்தனையோ வகை விற்கிறது. சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, டியூபைக் கழற்றி, அடுப்பை மெல்லச் சாய்த்துப் பார்த்தால் அடிப்பக்கத்திலோ விளிம்பிலோ ஒரு ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். தயாரிப்பாளர் பெயர், மாடல், வரிசை எண், பர்னர் எவ்வளவு கேஸ் இழுக்கும் என்ற கணக்கு, இது எல்பிஜி அடுப்பு, சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அழுத்தத்தில் இயங்குவது என்ற குறிப்பு, எல்லாம் அதில்தான். கூடவே ஐஎஸ்ஐ முத்திரை. அதன் தலையில் ஐஎஸ் 4246 என்று இருக்க வேண்டும். எல்பிஜி வீட்டு அடுப்புக்கான தரநிலை எண் அது. முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும்.

அந்த உரிம எண்ணைப் பலரும் கண்டுகொள்வதில்லை. ஐஎஸ்ஐ முத்திரை தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அதைத் தட்டினால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அட்டைப்பெட்டியில் ஒரு பிராண்டு பெயரும் உரிமத்தில் வேறொரு தொழிற்சாலை பெயரும் வருவது உண்டு, ஏனென்றால் சில பிராண்டுகள் வெளியே செய்யவைத்து வாங்கித் தங்கள் பெயரை ஒட்டுகின்றன. அப்படிப்பட்ட அடுப்புக்குப் பிராண்டின் சர்வீஸ் சென்டர் கைவிரித்தாலும், அதே தொழிற்சாலை செய்யும் வேறு பெயர் அடுப்பின் சாமான் பொருந்த வாய்ப்பு இருக்கிறது.

நான்கு இடங்களும் இந்த ஸ்டிக்கரை நான்கு விதமாக நடத்துகின்றன. சர்வீஸ் சென்டர் அது இல்லாமல் பேச்சையே தொடங்காது. ஆன்லைனில் மாடல் பெயரின் கடைசி இரண்டு எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். பெயர் ஒன்றாகவே இருக்க, உள்ளே வால்வை மாற்றியிருப்பார்கள். ஏஜென்சிக்கு ஐஎஸ்ஐ இருக்கிறதா என்பது மட்டும் போதும். ரிப்பேர் கடைக்காரர் ஸ்டிக்கரைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். "பழச கழட்டி எடுத்துட்டு வாங்க" என்பார். பல சமயம் அதுதான் நால்வரில் புத்திசாலித்தனமான பதில்.

பர்னர், ஸ்டாண்டு

இங்கே ரிப்பேர் கடைதான். பர்னர் தலை என்பது துளை போட்ட பித்தளை. அது கீழே உள்ள குழாயின் வாயில் ஆடாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பழையதைக் கையில் கொண்டுபோனால், கடைக்காரர் பெட்டியைத் துழாவி இரண்டு மூன்றை எடுத்துப் பொருத்திக் காட்டுவார். எடை பாருங்கள். லேசான பர்னர் சீக்கிரம் நெளிந்து, விளிம்பு வழியாகத் தீ கசியத் தொடங்கும். சர்வீஸ் சென்டரிலும் இது கிடைக்கும், ஆனால் "ஆர்டர் போட்டுத்தான் வரும்" என்ற வாசகத்தோடு. ஆன்லைனில் படத்தைப் பார்த்து பர்னர் வாங்குவது எனக்குச் சரிவராத வேலை. அடிப்பக்க விட்டம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

பாத்திரம் வைக்கும் ஸ்டாண்டுக்கு ஆன்லைனும் பரவாயில்லை. கால்களுக்கு இடையே உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, விற்பவர் தரும் அளவோடு ஒப்பிட்டால் போதும். உயரத்தையும் அளக்கவும். தாழ்ந்த ஸ்டாண்டில் பாத்திரம் தீயின் மேலேயே அமர்ந்து, கேஸ் முழுதாக எரியாமல் அடியில் கரி பிடிக்கும்.

ஜெட்

பர்னர் குழாயின் நுழைவாயிலில், நாப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குட்டிப் பித்தளைத் திருகாணி இது. நடுவில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. அடுப்பு எவ்வளவு கேஸ் குடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த ஓட்டைதான். சின்ன பர்னருக்கு ஒரு அளவு, பெரிய பர்னருக்கு வேறு அளவு. பெரும்பாலும் ஜெட்டின் மேலேயே எண் பொறித்திருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட ஜெட்டைக் கழற்றினால் எது எங்கிருந்து வந்தது என்று குறித்துவைக்கவும்.

ரிப்பேர் கடையில் நடப்பது இதுதான். தீ சரியாக வரவில்லை என்றால் ஜெட்டைக் கழற்றி, ஊசியோ கம்பியோ விட்டுக் குத்துவார்கள். அடைப்பு போய்விடும், தீயும் ஓங்கி எரியும், நமக்கும் திருப்தி. பித்தளை மெத்தென்ற உலோகம்; குத்தக் குத்த ஓட்டை விரியும். அழுத்தம் மாறாதபோது ஓட்டையின் பரப்பு எவ்வளவோ அவ்வளவு கேஸ் வரும். விட்டம் பத்து சதவீதம் கூடினால் கேஸ் 21 சதவீதம் கூடும். காற்று அதற்கேற்பக் கூடுவதில்லை. அதனால் தீ மஞ்சளாகிறது, பாத்திரம் கறுக்கிறது, சிலிண்டர் முன்கூட்டியே தீர்கிறது. "பர்னர் மாத்தினா சரியாயிடும்" என்று அடுத்த சுற்றில் பர்னரையும் விற்பார்கள். அடுப்பை விற்ற கம்பெனி சும்மாவா பர்னர்வாரியாகக் கேஸ் கணக்கை ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கிறது? ஜெட் மாற்றுவதானால் மாடலைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் மட்டுமே வாங்க வேண்டும், அவர்கள் ஆளே வந்து பொருத்தினால் இன்னும் நல்லது. ஆன்லைனில் "எல்லா அடுப்புக்கும் பொருந்தும்" என்று ஜெட் விற்கிறார்கள். மரை எல்லா அடுப்புக்கும் பொருந்தலாம், ஓட்டை பொருந்தாது.

இதில் இன்னொரு சிக்கல் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. நகரங்களில் குழாய் வழியே இயற்கை எரிவாயு வரத் தொடங்கியிருக்கிறது. ஒரே கன அளவில் எல்பிஜி தரும் வெப்பம் இயற்கை எரிவாயுவைவிட இரண்டரை மடங்குக்கு மேல். அழுத்தமும் எல்பிஜிக்கே அதிகம். ஆகவே குழாய் கேஸுக்கு மாறும் வீட்டில் பழைய அடுப்பின் ஜெட்டைப் பெரிய ஓட்டை கொண்டதாக மாற்றிவிடுவார்கள். அடியில் உள்ள ஸ்டிக்கர் மட்டும் எல்பிஜி என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அந்த அடுப்பை யாராவது செகண்ட் ஹேண்டாக விற்று, வாங்கியவர் சிலிண்டரில் மாட்டினால் தீ ஓரடி உயரத்துக்கு எழும். பழைய அடுப்பு வாங்குகிறவர்கள் அதற்கு முன் எந்த கேஸில் ஓடியது என்று கேட்டே ஆக வேண்டும். மாற்றியவர்களும் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு வரி எழுதிவைப்பது புண்ணியம்.

நாப், வால்வு

நாப் அற்பச் சாமானாகத் தெரியும். வால்வின் தண்டு ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும், நாப்பின் துளையும் அதே வடிவில் இருக்கும். அந்தத் தட்டைப் பக்கம் மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பது மாடலுக்கு மாடல் வேறு. தவறான நாப் மாட்டினாலும் ஜம்மென்று உட்காரும், திரும்பும். ஆனால் அணைத்த நிலையில் அதன் கோடு வேறு பக்கம் காட்டும். வயதானவர்கள் அடுப்பைப் பயன்படுத்தும் வீட்டில் இது விளையாட்டல்ல. மாடல் தெரிந்தால் ஆன்லைன், அதுவும் கம்பெனியின் சொந்தத் தளம், இதற்கு வசதி. ரிப்பேர் கடையிலும் வாங்கலாம், பழைய நாப்பைத் திருப்பிப் பிடித்துத் துளையை ஒப்பிட்டுவிட்டு.

நாப் இறுகிப்போய்த் திரும்பவில்லை என்றால் குற்றவாளி நாப் அல்ல, வால்வுக்குள் காய்ந்துபோன கிரீஸ். சர்வீஸ் சென்டரில் வால்வையே மாற்றச் சொல்வார்கள். நல்ல ரிப்பேர்காரர் வால்வைப் பிரித்து, துடைத்து, வெப்பம் தாங்கும் கிரீஸ் லேசாகப் பூசி மூடிவிடுவார். வண்டிக்குப் போடும் கிரீஸைப் போட்டால் மறுபடி இறுகும், அள்ளிப் பூசினால் கேஸ் போகும் துளை அடைபடும். கைராசிக்காரர் கிடைத்தால் அவரே மேல். வேலை முடிந்ததும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று நம் கண் முன்னால் பார்க்கச் சொல்ல வேண்டும். தீக்குச்சி காட்டிச் சோதிக்கிற ஆளாக இருந்தால் அடுத்த முறை கூப்பிட வேண்டாம். ஆனால் வால்வு தேய்ந்து, நாப்பை மூடியபின்னும் கேஸ் கசிகிறது என்றால் கிரீஸ் கதை எடுபடாது. கம்பெனி வால்வுதான் வேண்டும்.

கண்ணாடி

கண்ணாடி அடுப்பின் மேல்தட்டு டஃபன்ட் கண்ணாடி. வெட்டவேண்டியதை வெட்டி, பர்னருக்கான ஓட்டைகளைப் போட்டபின்தான் அதைச் சூடேற்றி உறுதியாக்குவார்கள். உறுதியாக்கியபின் வெட்டினால் பொடிப்பொடியாக நொறுங்கும். அதனால் இது முழுக்க முழுக்க மாடல் சார்ந்தது. சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு வழியில்லை. கண்ணாடிக் கடையில் சாதாரணக் கண்ணாடியை அளவுக்கு வெட்டித் தர முன்வருவார்கள். பாதி விலைதான். குக்கர் பொங்கிச் சூட்டில் வழிந்தால் விரிசல் விட்டுவிடும். கம்பெனி சொல்லும் விலையைக் கேட்டபின் புது அடுப்பு விலையையும் ஒருமுறை பாருங்கள். இந்த ஒரு சாமானில் மட்டும் புதிது வாங்குவது லாபமாக அமையலாம்.

டியூப், ரெகுலேட்டர்

இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. ரெகுலேட்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. நீங்கள் டெபாசிட் கட்டி வைத்திருக்கிறீர்கள். பழுதானால் ஏஜென்சியில்தான் மாற்ற வேண்டும், கடையில் வாங்கக் கூடாது. ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபையும் அங்கேயே வாங்குங்கள். அதன் மேல் ஐஎஸ் 9573 என்றும் காலாவதி விவரமும் அச்சடித்திருக்கும், ஐந்தாண்டுதான் ஆயுள். சிலிண்டர் வாயில் உள்ள ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தாலும் ஏஜென்சி ஆள்தான். ராத்திரி நேரத்தில் கேஸ் வாசம் அடித்தால், கசிவுக்கான அவசர உதவி எண் 1906. எந்த நேரமும் எடுப்பார்கள்.

ஸ்டிக்கர் அழிந்த அடுப்பு

எண்ணெயும் நாரும் சேர்ந்து ஸ்டிக்கரைத் தின்றிருந்தால், பில்லையும் வாரண்டி அட்டையையும் தேடிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வால்வின் உடம்பு, பர்னர் குழாயின் அடி, ஜெட்டின் தலை ஆகிய மூன்றிலும் எண்ணோ எழுத்தோ பொறித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். அந்தப் படங்களைச் சர்வீஸ் சென்டரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினால், பழைய ஆள் யாராவது இருந்தால் கண்டுபிடித்துவிடுவார். மேடையில் பதித்த ஹாப் என்றால் தகடு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். கீழே உள்ள அலமாரியைக் காலி செய்து, கையை விட்டு போனில் படம் எடுக்க வேண்டும். பொருத்தும் அன்றே எடுத்துவிட்டால் இந்த வித்தை தேவைப்படாது.

"அந்த மாடல் நின்னுபோச்சு சார்" என்று சர்வீஸ் சென்டர் முடித்துவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான தளத்தில், வீட்டுச் சாதனக் கம்பெனிகள் சிலவற்றின் ஸ்பேர், சர்வீஸ் விவரங்கள் இருக்கின்றன. உங்கள் கம்பெனி அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புகார் எழுதுங்கள். ஜெட்டும் இல்லை, வால்வும் இல்லை என்றால் எக்ஸ்சேஞ்சுக்குப் போகவேண்டியதுதான். கொடுக்கும் முன் பித்தளை பர்னர்களைத் தனியாக எடுத்து எடை போட்டுப் பாருங்கள். பழைய அடுப்பில் காசு பெறுவது அதுதான், கடைக்காரருக்கும் அது தெரியும்.