மாற்றியதாகப் பில் போட்டார்கள், பெரும்பாலானதை மாற்றவே இல்லை: பைக் சர்வீசுக்கு விடுகிறவர்களுக்கு எச்சரிக்கை

வண்டியை சர்வீசுக்கு விடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு விடுங்கள். என் அரை மாதச் சம்பளம் போய்விட்டது. போனது பணம் மட்டும் என்றால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். தேய்ந்துபோன பிரேக் பேடைப் புதுசு என்று சொல்லி, அதே வண்டியில் என்னை ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நேற்றுதான் எல்லாவற்றையும் கழற்றிக் கண்ணால் பார்த்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். இப்படி மாட்டாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. செயலியில் பதிவு செய்தால் வீட்டுக்கே ஆள் வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய், சர்வீஸ் செய்து, கழுவித் துடைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களே, அந்த வகை. இதில் ஒழுங்காக வேலை பார்க்கிறவர்களும் இருக்கலாம். ஆனால் வண்டி நம் கண்ணுக்கு மறைவாகப் போய்விட்டு வருகிறது. நாம் பார்ப்பது பில்லையும் பளபளப்பையும் மட்டும்தான். ஏமாற்ற நினைப்பவனுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

வந்தது ஓர் இளைஞர். நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டை, கையில் டேப்லெட். வந்தவுடனே வேலையை ஆரம்பித்த விதத்தில்தான் நம்பிக்கை வந்தது. நாலு பக்கமும் படம் எடுத்தார், இருந்த கீறல்களைக் குறித்தார், பெட்ரோல் அளவைக் குறித்தார். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, செயினின் நடுவில் விரலை வைத்து மேலே தூக்கிப் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றி, இன்னும் ரெண்டு இடத்தில் அதேபோல் பார்த்தார். "அண்ணே, ஒரு இடத்துல இறுக்கமா இருக்கு, ஒரு இடத்துல தொங்குது. செயின் ஒரே சீரா தேயலை. செட்டாவே மாத்திடலாம், செயின் மட்டும் மாத்துனா பழைய ஸ்ப்ராக்கெட் பல்லு புதுச் செயினைத் தின்னுடும்" என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. செயினையும், அது ஓடும் பல் சக்கரங்களான முன், பின் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் தொய்வு பார்த்துவிட்டு இறுக்குகிறவர்கள்தான் அதிகம். இவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

முன் பிரேக்கைக் குனிந்து பார்த்துவிட்டு, "பேட்ல கோடு மறையப் போகுது, இதோட ஓட்டாதீங்க அண்ணே, ஃபேமிலி உக்காருற வண்டி" என்றார். அந்த வார்த்தையில்தான் சரி என்றேன். பிரேக் பேடில் ஒரு பள்ளக் கோடு இருக்கும், தேய்மானம் அதுவரை வந்தால் மாற்றியே ஆக வேண்டும். அது தெரிந்தவர், அக்கறையாகச் சொல்கிறவர். இப்படிப்பட்ட ஆளை யார் சந்தேகப்படுவார்கள்?

டேப்லெட்டில் பட்டியல் ஏறியது. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், செயின் ஸ்ப்ராக்கெட் செட், முன் பிரேக் பேட், பிரேக் ஆயில், டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட் (இன்ஜின் வால்வு இடைவெளியைச் சரிசெய்வது). கூட்டிப் பார்த்தால் அரை மாதச் சம்பளம். அதிகம்தான். ஆனால் எல்லாம் வண்டிக்குத் தேவையான வேலை, ஒரே தடவையாக முடிந்துவிடும் என்றுதான் முன்பணமாகவே முழுதும் கட்டினேன். அந்தச் செயலியில் முழுப் பணம் கட்டினால்தான் வேலையே தொடங்கும்.

மறுநாள் மாலை வண்டி வந்தது. டேங்க் மின்னியது, டயருக்குக் கறுப்புப் பாலிஷ், செயின் நிறைய கிரீஸ். கூடவே டிக் அடித்த ஜாப் கார்டு. கொண்டுவந்தது வேறு ஆள், "எல்லாம் புதுசு போட்டாச்சு சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சில நாட்களிலேயே கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. மேடு ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் அலறுகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை. இதற்கு முன்னால் ஒருநாளும் இப்படி ஆனதில்லை. பின்பக்கம் செயின் ஒரு மாதிரி முனகியது. விரலால் தூக்கிப் பார்த்தேன், கம்பிபோல் விறைத்து நின்றது. என் வண்டி மேனுவலில் 20 முதல் 30 மில்லிமீட்டர் தொய்வு இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது.

செயலியில் புகார் போட்டேன். முதலில் தானியங்கிப் பதில்: உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம், 24 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம். யாரும் தொடர்பு கொள்ளவில்லை. அடுத்த நாள் பார்த்தால் புகாருக்கு நேரே "தீர்க்கப்பட்டது" என்று இருக்கிறது! யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள்? மறுபடி புகார், மறுபடி போன். எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் பதில் ஒன்றேதான்: "சார், டெக்னீஷியன் ரிப்போர்ட்ல எல்லாம் மாத்தியாச்சுன்னு இருக்கு." ரிப்போர்ட்டில் இருப்பதைத்தானே நான் பொய் என்கிறேன் என்றேன். "புது ஸ்பேர் செட் ஆக கொஞ்ச நாள் ஆகும் சார், ஓட்டிப் பாருங்க" என்றார். என் வண்டியை எடுத்துப் போன அந்த இளைஞரிடம் பேச வேண்டும் என்றேன். அவர் இப்போது எங்களிடம் வேலையில் இல்லை என்று பதில்.

கடைசியில் ஒன்று கேட்டேன். எந்த ஆயில் ஊற்றினீர்கள், டப்பாவின் படத்தை அனுப்புங்கள் என்று. அனுப்பினார்கள். 0டபிள்யூ-20, கார் ஆயில். என் வண்டிக்கு மேனுவல் சொல்வது 10டபிள்யூ-30 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் கிரேடு இது). டப்பாவில் பைக் ஆயிலுக்கான ஜாசோ தர முத்திரையே இல்லை, எரிபொருள் சிக்கனத்துக்கான "ரிசோர்ஸ் கன்சர்விங்" முத்திரை இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், நிறைய பேருக்குத் தெரியவில்லை. கியர் உள்ள பைக்குகளில் பெரும்பாலும் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்தபடி வேலை செய்கின்றன. கார்களில் அப்படி இல்லை. அதனால் கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களைத் தாராளமாகக் கலக்கலாம். அதே ஆயில் பைக் கிளட்சுக்குள் போனால் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கும். இதற்காகத்தான் பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். ஜாசோ எம்பி என்று இருந்தால் அது கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர் வகைகளுக்கு. சர்வீஸ் தொழிலே செய்கிறவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். கையில் எது இருந்ததோ, எது மலிவோ, அதை ஊற்றிவிட்டார்கள்.

படத்தைப் பார்த்த பிறகு காத்திருக்கவில்லை. வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னேன். அவரே பாதியில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "இதையெல்லாம் ஒரு வேலைன்னு பில் போட்டானா?" என்று கேட்டார்.

செயின் பழைய செயின். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கம் பிடித்து இழுத்தால் பல்லை விட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறது, புதுச் செயின் அப்படி வராது. ஸ்ப்ராக்கெட் பற்கள் சுறா மீனின் துடுப்புபோல் ஒரு பக்கம் சாய்ந்து கூர்ந்திருந்தன. தொய்வு தெரியக்கூடாது என்று சக்கரத்தைப் பின்னால் தள்ளி இறுக்கி, கிரீஸைப் பூசி மூடியிருக்கிறார்கள். வண்டியில் ஆள் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் தூரம் கூடும். அதற்குத்தான் தொய்வு. அது இல்லையென்றால் அந்த இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கிலும் சக்கர பேரிங்கிலும் விழும், செயினே அறுந்தாலும் அறும். சக்கரத்தைத் தள்ளியவர்கள் ஆக்சில் நட்டில் ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடவும் இல்லை. ஓட்டை காலியாக இருந்தது. ஒரு சின்னக் கம்பித் துண்டு! நட் கழன்று வராமல் தடுப்பது அதுதான்.

முன் பிரேக்கைக் கழற்றினோம். பழைய பேட்தான். மேல்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துப் புதுசு மாதிரி காட்டியிருக்கிறார்கள். இருந்த கொஞ்சத்தையும் தேய்த்துக் குறைத்திருக்கிறார்கள்! அந்தப் பள்ளக் கோடு இப்போது சுத்தமாக இல்லை. "இதோட ஓட்டாதீங்க, ஃபேமிலி உக்காருற வண்டி" என்று சொல்லி எடுத்துப் போன அதே பேட். அதற்குப் பிறகு பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து மழையில் ஓட்டியிருக்கிறேன். இந்த இடத்தில் எனக்குக் கோபம் அடங்கவே மாட்டேன் என்கிறது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரேக் ஆயில் பழுப்பாக இருந்தது, புது டாட் 4 வகை பிரேக் ஆயில் கிட்டத்தட்ட நிறமில்லாமல் இளமஞ்சளாகத்தான் இருக்கும். ஏர் ஃபில்டர் காகித வகை, காற்றடித்து அதையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். ஆயில் ஃபில்டர் மூடி நட்டுகளில் பழைய மண் அப்படியே இருந்தது, டேப்பெட் மூடியிலும் அதே மண். மூடியைத் திறக்காமல் டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ண முடியாது. ஆயில் டிரெயின் போல்ட்டை மட்டும் திறந்திருக்கிறார்கள், அதையும் அதிகமாக முறுக்கி மரையைக் கெடுத்து, ஒழுகாமல் இருக்க கம் தடவியிருக்கிறார்கள். ஸ்பார்க் பிளக் ஒன்றுதான் உண்மையிலேயே புதுசு. அரை மாதச் சம்பளத்துக்கு ஒரு பிளக்கும் ஒரு டப்பா தப்பான ஆயிலும்.

ஆயில் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நியாயம் நியாயம்தான். புது ஆயில் சீக்கிரம் கறுத்துவிட்டது என்பதை மட்டும் வைத்துப் பழைய ஆயில் ஊற்றிவிட்டார்கள் என்று யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் அழுக்கை இழுத்துக்கொள்வதும் ஆயிலின் வேலைதான், சில வண்டிகளில் சீக்கிரமே நிறம் மாறும். டப்பாவைப் பாருங்கள், கிரேடைப் பாருங்கள்.

படங்களை எல்லாம் எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "வெளியாட்களிடம் வண்டியைக் கழற்றியதால் சர்வீஸ் வாரண்டி செல்லாது." போன் போட்டேன். மேலாளர் என்று ஒருவர் பேசினார். அந்தப் பழைய பேடை நீங்களே மாட்டிப் படம் எடுக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். திருடன் என்று என்னைச் சொல்கிறார்! புதுசு போட்டீர்கள் என்றால் கழற்றிய பழைய பேட் எங்கே, செயின் எங்கே என்று கேட்டேன். "பழைய பார்ட்ஸை நாங்க டிஸ்போஸ் பண்ணிடுவோம் சார், அதுதான் எங்க பாலிசி" என்றார். சாயங்காலம் ஒரு கூப்பன் வந்தது, அடுத்த சர்வீசுக்கு லேபர் இலவசமாம். மறுபடி இவர்கள் கையில் வண்டியைக் கொடுப்பேனா? எனக்குக் கூப்பன் வேண்டாம், என் அரை மாதச் சம்பளம் வேண்டும்.

சிலர் சொல்கிறார்கள், பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று. வேலைக்குப் போகிறவர்களால் முடியாது என்பதற்காகத்தானே வீட்டுக்கு வந்து எடுத்துப் போகிறோம் என்று விளம்பரம் செய்கிறார்கள்? அதற்கும் சேர்த்துத்தானே காசு வாங்குகிறார்கள்? ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவனைக் கேள்வி கேட்காதீர்கள்.

எப்படிச் சரிபார்ப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன். முடியவில்லை, வண்டி இன்னும் கடையில் நிற்கிறது, கிளட்ச் தட்டு தப்பிக்குமா என்று இன்றைக்குத்தான் தெரியும். ஆயிலை வடித்துச் சரியான கிரேடை ஊற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார் மெக்கானிக். அவசரமாக நாலு வார்த்தை மட்டும்.

முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். மாற்றிய ஒவ்வொரு பொருளும், புதுசின் காலி டப்பாவும், பழைய பேட், பழைய செயின், பழைய ஃபில்டர் எல்லாமும் கைக்கு வர வேண்டும் என்று வண்டியைக் கொடுக்கும்போதே ஜாப் கார்டில் எழுத வையுங்கள். மறுத்தால் வண்டியைக் கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன் செயின், ஸ்ப்ராக்கெட் பல், பிரேக் பேட், பிரேக் ஆயில் நிறம் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் எடுக்கும் படத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வண்டி வந்ததும் கொண்டுவந்த ஆளை நிறுத்தி வையுங்கள். முன் பிரேக்கை அழுத்திப் பாருங்கள், லீவர் பஞ்சுபோல் உள்ளே போனால் எடுக்காதீர்கள். செயினைத் தூக்கிப் பாருங்கள், பின் சக்கர ஆக்சில் நட்டில் ஸ்பிளிட் பின் இருக்கிறதா பாருங்கள். வண்டியை நேராக நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். அப்புறம் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

நுகர்வோர் புகார் எழுத்தில் கொடுக்கப் போகிறேன். பழைய பேடையும் செயினையும் ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன். பதில் ஏதாவது வந்தால் இதிலேயே சேர்க்கிறேன்.