மழை வந்தால் மங்கும் கொரோலா

மூன்று மாரிகாலம் என் காரின் வயரிங்குக்குள் எங்கேயோ தண்ணீர் இறங்குகிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பார்த்த எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் தண்ணீருக்கும் அந்தப் பிழைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கார் 1989இல் வந்த டொயோட்டா கொரோலா, ஈஈ 90 மாடல். காபரேற்றர் வைத்த 1.3 லீற்றர் எஞ்சின். 2016இல் வாங்கினேன். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்து, மாற்றும் யோசனையை விட்டுவிட்டேன். எஞ்சினில் இன்றுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அந்த உப்புக் காற்றில் நிற்கும் காருக்குத் தகடு கறல் பிடிப்பதும் புதினமில்லை. என்னை அலைக்கழித்தது கரண்ட் வேலைதான்.

பிழை இப்படித்தான் வரும். மழை நாளில் இரவு வேலை முடிந்து வரும்போது, கல்லடிப் பாலத்தில் ஏறுகிற நேரம் ஹெட்லைற் இரண்டும் மஞ்சளாக மங்கும். வைப்பர் கையால் இழுப்பது போல மெதுவாகப் போகும். சிக்னல் போட்டால் ஒரு தரம் வேகமாக, ஒரு தரம் மெல்ல அடிக்கும். எல்லாவற்றையும் விட, சூடு காட்டும் முள் திடீரென்று மேலே ஏறும். பயந்துபோய் ஓரமாக நிறுத்தி பொனற்றைத் திறந்தால் எஞ்சினில் சூடே இல்லை. அக்சிலேற்றரைக் கொஞ்சம் அழுத்தினால் சில வேளை லைற் பளிச்சென்று வரும், சில வேளை வராது. அடுத்த நாள் காலையில் கராஜுக்குக் கொண்டுபோனால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும்! காய்ச்சல்காரப் பிள்ளையை டொக்டரிடம் தூக்கிக்கொண்டு போன பிறகு அது சிரித்து விளையாடுமே, அந்தக் கதைதான்.

முதல் மாரியில் பற்றரியை மாற்றினேன். இரண்டாவது மாரியில், பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஓல்டனேற்றரைக் கழற்றி காபனும் ரெகுலேற்றரும் புதிதாகப் போட்டோம். மூன்றாவதில் ஹெட்லைற் ரிலே, சிக்னல் பிளாஷர். ஒவ்வொன்றும் மாற்றிய கையோடு இரண்டு கிழமை நன்றாக இருக்கும். அது மழை விட்ட கிழமைகள் என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

நான் வழமையாகப் போகும் வயரிங் காக்கா (முஸ்லிம் அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) காத்தான்குடியில் இருக்கிறார். கெட்டிக்காரர். பற்றரியில் மீற்றரை வைத்து 14.1 வோல்ற் காட்டினார். "தம்பி, சார்ஜ் கணக்காப் போகுது. ஸ்டாட் அடிச்சா ஒரு சுத்துல எடுக்குது. எர்த்தெல்லாம் நல்லாத்தான் இரிக்கி" என்றார். எர்த் என்றால் கரண்ட் காரின் இரும்பு வழியாகப் பற்றரிக்குத் திரும்பி வரும் வழி. அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அந்த உண்மைதான் எங்கள் இரண்டு பேரையும் சுற்ற வைத்தது.

திருப்பம் வந்தது ஒரு கொப்பியால். மகளின் பழைய கணக்குக் கொப்பியை டேஷ்போர்ட்டில் போட்டுவைத்து, பிழை வரும்போதெல்லாம் நேரம், மழையா வெயிலா, என்னென்ன சுவிட்ச் போட்டிருந்தேன் என்று எழுதினேன். இரண்டு மாதத்தில் 11 வரிகள் சேர்ந்தன. அதில் இரண்டு, சொட்டு மழை இல்லாத இரவுகள். அந்த இரண்டு நாளும் ஹெட்லைற்றோடு ஏசி ஊதியும் பின் கண்ணாடிச் சூடாக்கியும் போட்டிருந்தேன். அப்போதுதான் விளங்கியது. மழை குற்றவாளி இல்லை, மழைக்கு நாம் போடுகிற சுவிட்சுகள்தான். லைற், வைப்பர், ஊதி, சூடாக்கி எல்லாம் சேர்ந்தால் 20 அம்பியரைத் தாண்டும். கராஜில் பகல் வெளிச்சத்தில் யார் அதையெல்லாம் ஒன்றாகப் போடுகிறார்கள்?

ஒரு ஞாயிறு காலை, எஞ்சின் குளிராக இருக்கும்போது, ஸ்டாட் பண்ணாமல் எல்லாச் சுவிட்சையும் போட்டேன். மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் தலையில் வைத்தேன், சிவப்பை எஞ்சின் புளொக்கில். 0.05 வோல்ற். நல்லது. சிவப்பை எடுத்து மட்காட் பக்கத்தில் பொடியில், அதாவது காரின் உடம்புத் தகட்டில், இருக்கும் ஆணியில் வைத்தேன். 1.8 வோல்ற்! 0.2க்கு மேல் இருக்கவே கூடாத இடம். அதாவது லைற்றுக்குப் போகவேண்டிய வோல்ற்றில் 1.8 திரும்பி வரும் வழியிலேயே தொலைகிறது.

இந்தக் காரில் பற்றரி நெகற்றிவிலிருந்து தடித்த கேபிள் ஒன்று கியர்பொக்ஸுக்குப் போகிறது. மெல்லிய வயர் ஒன்று பொடிக்குப் போகிறது. எஞ்சினை ஸ்டாட் பண்ணும் செல்ப் மோட்டருக்குத் தடித்த கேபிள் போதும், அதனால்தான் ஒரே சுற்றில் எடுத்தது. ஓல்டனேற்றரும் எஞ்சினில்தான் இருக்கிறது, அதனால் பற்றரியில் 14.1 சரியாகக் காட்டியது. லைற், ஊதி, வைப்பர் எல்லாம் எர்த் எடுப்பது பொடியில். அந்த மெல்லிய வயர் போய்விட்டால் கரண்ட் வேறு வழி தேடும். அது தேடிய வழி எதுவென்று அக்சிலேற்றர் கேபிளில் விரல் பட்டபோது தெரிந்தது. எஞ்சின் குளிர்ந்து கிடக்க, கேபிளின் உறை மட்டும் இளஞ்சூடாக இருந்தது. பெடலை மிதிக்கும்போது லைற் ஏறி இறங்கிய மர்மம் அத்தோடு தீர்ந்தது. பொடியும் எஞ்சினும் வேறு வேறு வோல்ற்றில் நின்றபடியால்தான் முள்ளும் பொய் சொன்னது.

உறுதிப்படுத்த ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு முனையை நெகற்றிவ் தலையிலும் மற்றதைப் பொடி ஆணியிலும் கடித்தேன். மதிலில் விழுந்த வெளிச்சம் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாறியதைப் பார்த்துக் குசினியிலிருந்து மனிசி எட்டிப் பார்த்தாள்.

வயரைக் கழற்றியபோது வெளியே பழுதே இல்லை. ஆணி இறுக்கம், உறை முழுசு. உறையைப் பிளேட்டால் நீளத்துக்குக் கீறினேன். செம்பு இருக்கவேண்டிய இடத்தில் பச்சைத் தூள் கொட்டியது. நடுவில் மூன்றோ நான்கோ இழைதான் மிச்சம். மீற்றரின் பீப் சத்தம் வைத்துப் பார்த்தால் அந்த இழைகளே போதும், தொடர்பு நல்லது என்று பாடும். அதைத்தான் நாங்கள் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். பற்றரி, ஓல்டனேற்றர் என்று கொட்டிய காசோடு பார்த்தால் இந்த வயர் ஒன்றுமேயில்லை.

வெல்டிங் கேபிளில் ஒரு முழம் வாங்கி, காக்காவின் கடையிலேயே செம்புக் காது அழுத்தி, பொடியில் பெயின்றைத் தகடு மினுங்கும்வரை சுரண்டி இறுக்கிவிட்டு மேலே கிறீஸ் பூசினேன். எஞ்சினிலிருந்து பொடிக்கு இன்னொன்றும் போட்டோம். இப்போது எல்லாச் சுவிட்சையும் போட்டாலும் 0.04. அதற்குப் பிறகு பல மாரி கடந்துவிட்டது, லைற் மங்கவில்லை.

2022இல் எரிபொருள் இல்லாமல் கார் முற்றத்தில் நின்ற காலத்தில் வேறொரு தொல்லை வந்தது. நான்கு நாளில் பற்றரி செத்துவிடும், ஆனால் எல்லாக் கிழமையும் இல்லை. மீற்றரைத் தொடராக வைத்தபோது 0.4 அம்பியர் ஓடியது. போனை வீடியோ எடுக்க விட்டு டிக்கிக்குள் வைத்து மூடினேன். டிக்கி பல்ப் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. சுவிட்ச் தேய்ந்திருந்ததால் மெதுவாக மூடினால் மட்டும் அணையாது. அது பத்து நிமிட வேலை. பியூஸ் பெட்டியில் 15 அம்பியர் இருக்கவேண்டிய இடத்தில் முன்னைய சொந்தக்காரர் 30 போட்டிருந்ததையும் அன்றைக்கே மாற்றினேன். அப்படி விட்டால் பியூஸுக்கு முதல் வயர் எரியும்.

இன்னும் ஒன்று மிச்சம். ஸ்டியரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்தால் சில நாள் ஹோர்ன் தானாக ஒரு தரம் அடிக்கும். ஹோர்ன் பட்டனுக்கு அடியில் தகடு தேய்ந்திருக்கும் என்பது என் ஊகம். ஒழுங்கைக்குள் திரும்பும்போதுதான் அநேகமாக அடிக்கும். மனிசி அதைக் கேட்டுத்தான் கேற்றைத் திறக்க வருகிறாள். அதனால் அவசரப்பட்டுக் கழற்றவில்லை.