பழைய ஆர்கோ, மேக்ஸ் டூ: வேலூர்ப் பக்கம் வாங்கிச் சரிசெய்யலாமா?

ஆறு சக்கரம், தொட்டி போன்ற பிளாஸ்டிக் உடம்பு, தரையிலும் தண்ணீரிலும் ஓட்டம். இந்த வகைப் பழைய வண்டிகளில் அதிகம் அடிபடும் பெயர்கள் இரண்டு. ஒன்று, கனடாவில் 1967 முதல் வந்துகொண்டிருக்கும் ஆர்கோ. மற்றொன்று, அமெரிக்காவின் பஃபலோ பக்கத்து மேக்ஸ் டூ. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதா என்று மட்டும் பார்த்து விலை பேசினால் நஷ்டம் நிச்சயம். இந்த வண்டியில் எஞ்சின்தான் சுலபமான பிரச்சினை. பணம் தின்பதெல்லாம் தரைப்பலகைக்கு அடியில் இருக்கிறது. பலகையைக் கழற்ற விடாத ஆளிடம் வாங்கவே வேண்டாம்.

எஞ்சினிலிருந்து ஸ்கூட்டரில் இருப்பது போன்ற வேரியேட்டர் பெல்ட், அதிலிருந்து கியர்பாக்ஸ், பிறகு இரு பக்கமும் செயின் வழியாக எல்லா ஆக்சிலுக்கும் சக்தி போகிறது. ஸ்பிரிங் கிடையாது, டயர்தான் சஸ்பென்ஷன். முன்சக்கரம் திரும்பாது. ஒரு பக்கச் சக்கரங்களைப் பிடித்து நிறுத்தினால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். ஆர்கோவில் இதற்கு ஹேண்டில்பார், மேக்ஸில் இரண்டு லீவர். ஆகவே பிரேக் தேய்ந்த வண்டி நிற்காது என்பதோடு திருப்பினாலும் திரும்பாது.

முதலில் செயின். பிளேட்டில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 50 என்றால் பிட்ச், அதாவது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை உள்ள தூரம், 15.875 மிமீ, 60 என்றால் 19.05 மிமீ. 50-ஆம் எண் செயினை இழுத்துப் பிடித்து 20 பிட்ச் அளந்தால், புதியதில் 317.5 மிமீ வரும். 324 மிமீ தாண்டிவிட்டால் கழற்றிப் போட்டுவிடுங்கள். பல் கொக்கி போல வளைந்த ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) புதுச் செயினை மாட்டினால் அதுவும் சீக்கிரம் போகும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அடுத்து பேரிங். ஆக்சிலுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என ஆறு ஆக்சிலுக்குப் பன்னிரண்டு வரும். ஷாஃப்ட் அங்குல அளவில் இருப்பதுதான் சிக்கல். ஒன்றேகால் அங்குலம் என்றால் 31.75 மிமீ. கடையில் பழக்கத்தில் யுசி 206 என்ற எண்ணுள்ள பேரிங்கை எடுத்துக் கொடுப்பார்கள், அதன் துளை 30 மிமீ. கேட்க வேண்டியது யுசி 206-20. “ஷாஃப்ட்டைக் கொஞ்சம் கடைந்துவிட்டால் உட்கார்ந்துவிடும் சார்” என்று லேத்காரர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கடைந்த இடத்தில்தான் ஆக்சில் முறியும். புஷ், ஸ்பேசர், கீ போன்ற வேலைகளுக்கு ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்து லேத்கள் தாராளமாகப் போதும். வெளிப் பேரிங்கின் சீலும் கியர்பாக்ஸ் உள் பாகங்களும் மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். அதனால் கியர்பாக்ஸ் சத்தம் போடும் வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுவது நல்லது.

உடம்பில் விரிசல் இருந்தால் எம்-சீலும் ஃபைபர் கிளாஸும் வீண், எச்டிபிஇ (கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) மேல் எதுவும் ஒட்டாது. என்ன பிளாஸ்டிக் என்று தெரிய, ஓரத்தில் ஒரு சீவல் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்து, கொளுத்தினால் மெழுகுவர்த்தி வாசனை அடித்தால் எச்டிபிஇ. மூழ்கி, கரும்புகை விட்டால் ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக் வகை. எச்டிபிஇ என்றால் விரிசலின் இரு முனையிலும் சிறு துளை போட்டு, வி வடிவில் செதுக்கி, ஹாட் ஏர் கன்னால் வெல்ட் செய்ய வேண்டும். வெல்டிங் ராடு கிடைக்காவிட்டால் நீல எச்டிபிஇ டிரம்மை நீளநீளமாகக் கீறிக்கொள்ளலாம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் டிரம்முக்கா பஞ்சம்? ஆனால் தோல் ரசாயனம் வைத்திருந்த டிரம் வேண்டாம், சூடு பட்டால் என்ன புகை வரும் என்று சொல்ல முடியாது. தண்ணீர்த் தொட்டித் துண்டு வேறு வகைப் பிளாஸ்டிக், சரியாகச் சேராது.

எஞ்சின், செயின் மாட்டுவதற்கு முன்பே ஒழுக்குச் சோதனை. வெளிப் பேரிங்குகளைப் பூட்டி, டிரெயின் பிளக்கை இறுக்கி, தொட்டிக்கு உள்ளே ஆக்சில் துளைக்கு மேல் வரை தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் ஏரியில் உள்ளே வரும்.

எஞ்சின் டெகும்சே கம்பெனியுடையது என்றால், அவர்கள் 2008-லேயே எஞ்சின் தயாரிப்பை நிறுத்திவிட்டதால் பாகத்துக்கு அலைய வேண்டும். மாற்றாக 389 சிசி ஹோண்டா ஜிஎக்ஸ் 390 போடலாம். ஷாஃப்ட் 25.4 மிமீ, நேரானது, கீ-வே (கீ உட்காரும் பள்ளம்) உள்ளது என்று பார்த்து வாங்குங்கள். ஜெனரேட்டருக்கு வரும், நுனி குறுகிய டேப்பர் ஷாஃப்ட்டில் வேரியேட்டர் உட்காராது. டீசல் எஞ்சின் போடச் சொல்லும் மெக்கானிக் நிச்சயம் ஒருவர் வருவார். அந்த எடைக்கு வண்டி தண்ணீரில் ஒரு பக்கம் அமிழும். மூடிய தொட்டிக்குள் ஏர்-கூல்டு எஞ்சின் ஓடுவதால், வேலூர் வெயிலுக்குக் காற்றுக் குழாயும் எஞ்சின் மேல் உள்ள ஃபின்களும் (சூட்டைத் தணிக்கும் தகடுகள்) சுத்தமாக இருந்தே ஆகவேண்டும்.

டயர் அழுத்தம் 2 முதல் 5 பிஎஸ்ஐ. பெட்ரோல் பங்க் மீட்டர் இதற்கு உதவாது, 0–10 மீட்டர் தனியாக வாங்குங்கள். ஒரே பக்கத்து மூன்று டயரின் சுற்றளவும் ஒன்றாக இருக்கட்டும். வித்தியாசம் இருந்தால் செயின்கள் ஒன்றையொன்று இழுத்துத் தேயும். நம் ஏரிக்கரைகளில் டயருக்கு உண்மையான எதிரி சீமைக் கருவேல முள். டயருக்குள் பஞ்சர் அடைக்கும் சீலன்ட் ஊற்றாமல் கரையில் இறங்க வேண்டாம்.

தண்ணீரில் நடை வேகம்தான், டயர் சுற்றித் துழாவுவதே உந்துதல். ஆகாயத் தாமரை படர்ந்த ஏரியில் அதுவும் போகாது, தண்டு ஆக்சிலில் சுற்றிக்கொள்ளும். உள்ளே வரும் தண்ணீரை வெளியேற்ற 12 வோல்ட் பில்ஜ் பம்ப் கட்டாயம். ஒவ்வொரு முறை கரையேறியதும், பழைய கிரீஸ் வெளியே வரும்வரை வெளிப் பேரிங்குகளுக்குப் புதுக் கிரீஸ் அடிக்க வேண்டும்.

பாலாற்று மணலிலும் சேற்றிலும் பிரமாதம். தார் ரோட்டில் திருப்பினால் டயரும் செயினும் சேர்ந்து தேயும். எப்படியும் பதிவெண் இல்லாமல் ரோட்டில் ஓட்டக்கூடாது, ஒரு பிக்கப்பில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். விற்பவரிடம் இறக்குமதிக் காகிதமோ ஏல ரசீதோ கேளுங்கள். காவேரிப்பாக்கம் ஏரி, மோர்தானா அணை போன்ற இடங்களில் இறக்க நீர்வளத் துறையிடம் முன்னதாகவே எழுதிக் கேட்டுவிடுங்கள்.